கால் மணிக்கொரு குறி

செப்டம்பர் 8, திங்கள்

ஒருவர் வேலை செய்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்பதை நான்கு மேசை தள்ளி உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று, இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்கிற சின்னவரிடமும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு கட்டுப் படிவத்தை என் கையில் கொடுத்தார்.

படிவம் எளிமையானது. இடது ஓரத்தில் எங்கள் புகார்ப் பிரிவின் ஆறு பேருடைய பெயர்கள். மேலே நேரம், கால் மணிக்கு ஒரு கட்டம். கட்டத்தில் ‘ஆ’ அல்லது ‘வி’ எழுத வேண்டும். ஆக்கம், விரயம். மூன்றாவது எழுத்துக்கு இடமில்லை.

“டேட்டா இல்லாம யாரைப் பத்தியும் எதுவும் சொல்லக் கூடாது மேடம். அப்பா காலத்துல முகத்தப் பாத்தே முடிவு பண்ணிட்டாங்க. நீங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவங்க. யார்கிட்டயும் தேவையில்லாமப் பேசவும் மாட்டீங்க. அதனாலதான் உங்களக் கேக்கறேன்.”

பேசாமலிருப்பதை ஒரு தகுதியாக இந்தக் கம்பெனி பதினாறு வருடத்தில் முதல்முறையாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

நாங்கள் பம்ப்செட் செய்கிறவர்கள். மோட்டார் ஓடவில்லை என்று விவசாயிகள் போன் செய்தால் எங்கள் பிரிவு எடுக்கும். மற்றவர்கள் எடுப்பார்கள்; மாதக் கடைசியில் எத்தனை எடுத்தார்கள் என்று நான் கணக்குச் சொல்வேன். பிரிவில் ஓர் ஆள் அதிகம் என்று சின்னவருக்குத் தோன்றியிருக்கிறது. நான்கு வாரம் குறித்து, யார் கடைசியில் வருகிறாரோ அவரைத் தீபாவளிக்கு முன் நிறுத்துவதாகத் திட்டம். யாருக்கும் தெரியக் கூடாது.

படிவத்தில் எழுத இடமில்லாததை இந்த நோட்டில் எழுதலாம் என்று இருக்கிறேன். வீட்டில் எழுதுவேன். அலுவலக நேரத்தில் எழுதினால் எனக்கும் ‘வி’ போட வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

முதல் நாள். ஜெரால்டு முப்பத்திரண்டு கட்டத்தில் முப்பது ‘ஆ’. அவர் பக்கம் எப்போது பார்த்தாலும் காதில் போன், கை கீபோர்டில். முப்பத்தோரு வயது. தேய்த்த சட்டை. ஒரு நாளைக்கு ஐம்பத்தெட்டு புகார் முடிக்கிறார்.

சுகந்தி இருபத்திரண்டு ‘ஆ’. மற்ற மூவரும் சுமாராக அதே அளவு. இந்த மூவரும் ஒழுங்கானவர்கள். ஆகவே அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பொங்கியண்ணன் ஒன்பது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பிரிவில் எனக்கும் மூத்தவர். காலையில் நாளிதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனால் தலையங்கம் முடியாமல் வருவதில்லை. மதியம் இரண்டேகாலிலிருந்து இரண்டு முப்பத்தைந்து வரை கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார். ஓபி அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் அதை மறைக்கப் பாடுபடுவார்கள். இவர் அந்தப் பாட்டையும் படுவதில்லை.

முடிவு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. மீதி இருபது நாள் எதற்கு என்று தெரியவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

சிலிண்டர் வரவில்லை. இண்டக்‌ஷனில் அரைவேக்காட்டுச் சாதம். பொங்கியண்ணன் எட்டு.

செப்டம்பர் 12, வெள்ளி

ரகசியம் நான்கு நாள் நின்றது.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சுகந்தி என்னை ஓரம்கட்டினாள். “மேடம், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? கால் மணிக்கொருக்கா கோழி தண்ணி குடிக்கற மாதிரித் தலையத் தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க. கழுத்து வலிங்களா, இல்ல எங்களத்தான் பாக்கறீங்களா?”

“கழுத்து வலி” என்றேன்.

“அப்ப எதுக்குங்க ஒவ்வொரு தடவையும் எழுதறீங்க? வலி வர்ற நேரமுங்களா?”

தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டேன். பேசாமலிருப்பது என் தகுதி என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

பத்து மணி பதினான்கு நிமிடத்துக்குப் பிரிவே நிமிர்ந்து உட்கார்ந்தது. எல்லார் கையிலும் போன். ஒழுங்கான மூவரில் ஒருவர் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பத்து பதினேழுக்கு எல்லாம் கீழே இறங்கின. பத்து இருபத்தொன்பதுக்கு மறுபடி நிமிர்ந்தன. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும் நாளில்கூட இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்ததில்லை.

படிவத்தின்படி பிரிவின் ஆக்கம் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. முடிந்த புகார்களின் எண்ணிக்கை பதினேழு குறைந்திருக்கிறது.

பொங்கியண்ணன் மட்டும் மாறவில்லை. போகும்போது என் மேசையருகே நின்றார். “ஏனுங் மேடம், எனக்கு எதைப் போடோணுமோ போட்டுக்குங்க. ரெண்டேகாலுக்கு மட்டும் பாக்காதீங்க. நெம்பச் சங்கடமா இருக்குதுங்க.”

தூங்குகிறவருக்கு என்ன சங்கடம் என்று கேட்க நினைத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

படித்த படிப்பை வீணாக்கக் கூடாது. ஒவ்வொரு கால் மணிக்குள்ளும் எந்த நிமிடத்தில் பார்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தேன். ஒன்று முதல் பதினைந்து வரை எழுதிய சீட்டுகள், என் டிபன் டப்பா மூடியில்.

பதினொரு மணிக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்ததோடு நிற்காமல் பந்தயம் வேறு கட்டியிருக்கிறார்கள். நான் எந்த நிமிடத்தில் தலையைத் தூக்குவேன் என்பதற்கு ஒரு பஜ்ஜி. டீ போடுகிற மாராத்தாள்தான் நடுவர். சுகந்தி நான்கு பஜ்ஜி ஜெயித்திருக்கிறாள். சராசரியாக யாருக்கும் லாபம் வராது என்று அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

செப்டம்பர் 17, புதன்

ஜெரால்டு அரை நாள் விடுப்பு. பல் வலியாம். புதுச் செருப்பு.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று ஒரு போன் உரையாடலை முழுவதும் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னல் வெயில் கண்ணில் பட்டதால் மேசையை மாற்றிப் போட்டிருந்தேன். புதிய இடம் தற்செயலாகப் பொங்கியண்ணனுக்கு எதிரில்.

உடுமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர். மோட்டார் போட்ட உடனே நின்றுவிடுகிறதாம். ஏற்கெனவே நான்கு தடவை போன் செய்தவர். நான்கு தடவையும் ஜெரால்டு எடுத்திருக்கிறார். ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லியிருக்கிறார், அவரும் மாற்றியிருக்கிறார்.

பொங்கியண்ணன் மோட்டாரைப் பற்றிக் கேட்கவே இல்லை. மழை உண்டா என்று கேட்டார். காய் என்ன விலை போகிறது, வெள்ளை ஈ வந்ததா என்று கேட்டார். பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒரு ‘வி’ போட்டேன். அடுத்த கால் மணியும் வந்தது. அதற்கும் ‘வி’.

அதன் பிறகு கேட்டார்: “ஏனுங்க, பக்கத்துத் தோட்டம் ஆரோடதுங்க?”

பதிலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பங்காளியா! பேச்சுவார்த்தை இருக்குதுங்களா? எத்தன வருசமா இல்லீங்க? ஏழா? செரி செரி, அத உடுங்க. மூணு ஃபேஸ் கரண்டு வந்தொடனே நீங்க ஓடிப்போய் சுச்சப் போடறீங்க. அவரு உங்களுக்கு முந்திப் போடோணும்னு ஓடறாரு. ரெண்டு மோட்டாரும் ஒண்ணா இழுத்தா ஓல்டேஜு எங்கீங்க நிக்கும்? உங்க மோட்டாரு நல்லாத்தான் இருக்குது. நீங்க ரெண்டு பேருந்தான் ரிப்பேரு.”

பிறகு பங்காளியின் எண்ணை வாங்கி அவருக்கும் போன் செய்தார். கம்பெனியிலிருந்து ஒரு சோதனை நடப்பதாகவும், அவர் தினம் இருபது நிமிடம் கழித்து மோட்டார் போட்டுத் தகவல் சொல்ல வேண்டும் என்றும், இந்தச் சோதனைக்கு அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் சொன்னார். அப்படி எந்தச் சோதனையும் கிடையாது.

மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். மூன்று ‘வி’. போட்டுவிட்டு அந்த எழுத்துகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசுவது வேலையா, பேச்சா? பொய் சொல்வது எதில் சேரும்?

செப்டம்பர் 20, சனி

பழைய புகார்ப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். போனை வைத்ததும் புகார் ‘முடிந்தது’. அதே ஆள் மறுநாள் போன் செய்தால் அது புதிய எண், புதிய புகார், புதிதாக ஒரு ‘முடிந்தது’. ஜெரால்டு ஆகஸ்டில் முடித்தவற்றில் மூன்றில் ஒன்று, ஏற்கெனவே அவர் முடித்த அதே மோட்டார்கள். அந்த உடுமலைக்காரரின் ஒரே மோட்டார் நான்கு சாதனைகளைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இதைக் கூட்டி, கட்டம் போட்டு, மேலே அனுப்பிக்கொண்டிருந்தவள் நான்தான். பதினாறு வருடம்.

பொங்கியண்ணனிடம் பேசியவர்களில் திரும்பப் போன் செய்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அவரிடம் பேசியவர்களே குறைவு. இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று ஒரு காலத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். முடிவுக்கு வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

சமையலறைக் குழாய் ஒழுகியது. பிளம்பர் வந்து கையைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் குழாயையே பார்த்தார். மனதுக்குள் ஒரு ‘வி’ போட்டேன், பழக்க தோஷம். பிறகு குழாயைத் தொடாமல் மாடிக்குப் போய் எதையோ திருகிவிட்டு வந்தார். ஒழுகல் நின்றது.

நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியவில்லை. தோசை திருப்பும்போதுகூட எனக்கு நானே ‘ஆ’ போட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பொங்கியண்ணனைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. தினமும் பதினொன்று இருபதுக்குக் கோபியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அவருக்குப் போன் செய்கிறார். இன்று என்ன மோட்டார் என்று கேட்டேன்.

“அவர்கிட்ட மோட்டாரே இல்லீங்க மேடம். தோட்டத்த வித்துப்போட்டாரு, மூணு வருசமாச்சு.”

“பிறகு எதற்குப் போன்?”

“அதத்தானுங்க நானும் அவரக் கேட்டேன். பேசாம இருந்தாப் பேச்சு மறந்துருமாட்ட இருக்குதுன்னாரு.” என் முகத்தைப் பார்த்தவர், சட்டென்று, “உங்களச் சொல்லலீங்க” என்றார்.

இரண்டு ‘வி’. சந்தேகமே இல்லாத ‘வி’.

வீட்டில் மெதுவடை கூடுதலாகச் செய்துவிட்டேன். தனியாளுக்கு அளவு தெரியவில்லை. நாளைக்கு எடுத்துப் போக வேண்டியதுதான்.

செப்டம்பர் 25, வியாழன்

ஜெரால்டுக்கு மறுபடி பல் வலி, மறுபடி அரை நாள். இவ்வளவு வேலை செய்கிற பையனுக்கு உடம்பு இப்படியா படுத்த வேண்டும்!

நேற்று நான் கொடுத்த வடை தீர்ந்ததும் பொங்கியண்ணன் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“மேடம், கடைசில வர்றவன நிறுத்தறாங்களாமா?”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“மாராத்தா. சின்னவரு ரூமுக்கு டீ கொண்டு போறவளுக்குத் தெரியாததா? கடைசின்னா நாந்தானுங்களே. அதுல என்ன ரகசியம் இருக்குது.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “எனக்கு இன்னும் நாலு வருசம் இருக்குதுங்க. போன மாசம் சும்மா ஒரு மில்லுல வாச்மேன் வேலைக்குக் கேட்டுப் பாத்தேன். ஓட முடியுமான்னு கேட்டாங்க. எதுக்குங்க ஓடறதுன்னேன். திருடனப் புடிக்கன்னாங்க. முடியாதுன்னுட்டேன். ஐம்பத்து நாலு வயசுல ஒருத்தன வேற எவன் கூப்புடுவான், சொல்லுங்க? எனக்குத் தெரிஞ்சது இந்தப் போன எடுத்துப் பேசறது ஒண்ணுதான்.”

“அப்படியானால் இன்னும் கொஞ்சம் வேகமாக எடுக்கலாமே” என்றேன். கல்லூரியில் பேசிய குரல் வந்துவிட்டது.

“எடுக்கலாமுங்க. வெக்கறதுதான் கஷ்டம்.”

செப்டம்பர் 26, வெள்ளி

பொங்கியண்ணன் பதினெட்டு ‘ஆ’. அவர் வேகமாக எடுத்ததாகத் தெரியவில்லை. கை தவறியிருக்கும்.

செப்டம்பர் 27, சனி

பத்தொன்பது. பேனா சரியில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

கேமரா வந்துவிட்டது. எங்கள் தலைக்கு மேலே, சுவரில், எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக ஒரு கண். யார் எவ்வளவு நேரம் இருக்கையில் இருக்கிறார்கள், கை அசைகிறதா, வாய் அசைகிறதா என்று அதுவே பார்த்து அதுவே சதவீதம் போட்டுவிடுமாம்.

“கடைசி ஒரு வாரம் இதுவும் பாக்கட்டும் மேடம். உங்க ஷீட்டோட ஒப்பிட்டுப் பாக்கலாம். உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல” என்றார் சின்னவர். இன்று இரவு ராஜ்கோட் கண்காட்சிக்குப் போகிறார், ஆறாம் தேதி வருவார். அன்று என் அறிக்கையும் கேமராவின் அறிக்கையும் அவர் மேசையில் இருக்க வேண்டும்.

பொங்கியண்ணன் கேமராவை அண்ணாந்து பார்த்தார். “இது கண்ண மூடுமுங்களா?”

“மூடாது.”

“பாவமுங்க.”

என் கை தவறியதும் பேனா சரியில்லாததும் இனி இதற்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவர் போவார். என்னை என்ன செய்வார்கள் என்பது வேறு. இரவு சமைக்கவில்லை. மதியம் பஜ்ஜி அதிகமாகிவிட்டது.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூஜை. நாளையும் மறுநாளும் விடுமுறை என்பதால் எங்கள் கம்பெனியில் முதல் நாள் சாயங்காலமே பூஜை முடித்துவிடுவார்கள். பெரியவர் வந்திருந்தார். சின்னவரின் அப்பா, எழுபத்தெட்டு வயது, இன்னும் நிமிர்ந்த உடம்பு. முதலில் பட்டறை. லேத்துக்கும் துளைபோடும் இயந்திரத்துக்கும் மாலை. பிறகு அலுவலகம்.

மாராத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு முன்னே போனாள். கம்ப்யூட்டர், பிரின்டர், போன்கள், விரல் வைத்து வருகை பதிகிற பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கெட்டில், எதையும் விடவில்லை. சுவரருகே நின்று என்னைக் கேட்டாள்: “அம்மிணி, மேல இருக்கற இதுக்கும் வெக்கோணுங்களா? இது மிசினுதானுங்களா?”

“மிஷின்தான்.”

“வேல செய்யுதுங்களா?”

“நம் எல்லாரையும் விட அதிகம்.”

“அப்ப வெச்சே ஆகோணும்.”

கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அவளுக்கு எட்டவில்லை. பெரியவர் பார்த்துவிட்டார். “என்ன மாராத்தா, எதாச்சும் உட்டுப்போச்சா?” அவள் கையைக் காட்டினாள். பெரியவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, யார் தடுத்தும் கேட்காமல் ஸ்டூலில் ஏறினார். மோதிர விரலில் சந்தனத்தை எடுத்தவர், எங்கே வைப்பது என்று ஒரு கணம் தயங்கினார்.

“நடுவில் வையுங்கள்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெண் குரல். கூட்டத்தில் யாரென்று கவனிக்கவில்லை.

பெரியவர் நடுவில் வைத்தார். தாராளமான கை. அதன் மேல் குங்குமம். கற்பூரம் காட்டினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். ஜெரால்டும் மரியாதைக்குக் கை கூப்பினார். சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மறுபடி திறந்தோம். சந்தனம் காய்ந்து கெட்டியாகிவிட்டது. வருகைப் பெட்டி யாருடைய விரலையும் ஏற்கவில்லை. நோட்டில் கையெழுத்துப் போட்டோம். பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், அதுவாக உதிர வேண்டும். அதிலும் பெரியவர் கையால் வைத்தது.

கேமராவுக்குக் கீழே பொங்கியண்ணன் இரண்டேகாலுக்கு நிம்மதியாகத் தூங்கினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

உடுமலையிலிருந்து போன் வந்தது. இந்த முறை பேசியது பங்காளி. சோதனையில் தான் தேர்ச்சியா என்று கேட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து கூட்டினேன். இருபத்தொரு நாள், ஆளுக்கு அறுநூற்று எழுபத்திரண்டு கட்டங்கள். கை தவறியதைத் திருத்திவிட்டேன். திருத்தாமல் கூட்ட மனம் வரவில்லை. திருத்தியதும் பொங்கியண்ணன் நூற்றுக்கு முப்பத்தொன்று. ஜெரால்டு தொண்ணூற்று மூன்று.

ஒரு மணி நேரம் எழுந்துபோய்த் துணி மடித்தேன்.

திரும்பி வந்து இரண்டாவது அட்டவணை ஒன்று போட்டேன். ஒரே மோட்டாருக்கு எத்தனை புகார் எண்கள், அவற்றை யார் எடுத்தார்கள். இதைப் பார்த்தால் வேறு கதை தெரியும். ஆனால் சின்னவர் கேட்டது முதல் அட்டவணையை. ‘கடைசியில் வருகிறவர்’ என்பது அவர் விதி.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. பிரிவில் இருப்பது ஏழு பேர். படிவத்தில் ஆறு பெயர். ஏழாவது ஆள் இருபத்தொரு நாளும் கால் மணிக்கொரு தடவை தலையைத் தூக்கி, மற்றவர்களைப் பார்த்து, ஓர் எழுத்தை எழுதியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஒரு போன் எடுக்கவில்லை. ஒரு மோட்டார் ஓடவில்லை. அதற்கு முந்தைய பதினாறு வருடத்தைச் சேர்க்கவில்லை. அதற்குப் படிவம் இல்லை.

படிவத்தில் ஏழாவது வரிசைக்குக் கோடு போட்டேன். வசுமதி என்று என் பெயரை எழுதினேன். ஆக்கம்: பூஜ்யம். கணக்கின்படி கடைசியில் வருவது பொங்கியண்ணன் இல்லை.

இதில் வீரம் எதுவும் இல்லை. கூட்டல் அப்படித்தான் வருகிறது. ஜனவரியில் எனக்கு நாற்பத்தொன்பது முடிகிறது. மில் வாசலில் என்னையும் ஓட முடியுமா என்றுதான் கேட்பார்கள்.

அறிக்கையை உறையில் போட்டு ஒட்டி, மடிப்பின் மேல் கையெழுத்துப் போட்டேன். ஒட்டின பிறகுதான் இன்னொரு தடவை கூட்டிப் பார்க்கத் தோன்றியது. ஒட்டுவதற்கு முன் தோன்றியிருந்தால் பயனிருந்திருக்கும்.

அக்டோபர் 6, திங்கள்

சின்னவர் வந்ததும் கேமராவின் அறிக்கையைத் திறந்தார். முதல் இரண்டு நாள் அது எங்கள் முகங்களைப் பழகிக்கொண்டிருந்ததாம், கணக்கில்லை; மூன்றாம் தேதியிலிருந்து ஆறு பேருக்கும் பூஜ்யம். காலையில் அரை மணி நேரம் எங்கள் நடுவில் நின்று ராஜ்கோட்டைப் பற்றிப் பேசியிருந்தார். அந்த நேரத்துக்கும் ‘ஆள் இல்லை’ என்று வந்தது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“யாரு இதுக்குப் போய்ப் பொட்டு வெச்சது?”

மாராத்தாள் டீத் தட்டைக் கீழே வைத்தாள். “பெரியவருங்க. அவரு கையாலயே, ஸ்டூலு மேல ஏறி வெச்சாருங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், உளுந்துருவாருன்னு.”

சின்னவர் துணியைக் கேட்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். உள்ளே போய் யாருடனோ போனில் பேசினார். மறுபடி வெளியே வந்தபோது காது சிவந்திருந்தது. “அதுவா உதிரட்டும்னு அப்பா சொல்லிட்டாரு.”

உறையைக் கொடுத்தேன். “இனி இது மட்டுந்தான் மேடம் ஆதாரம். நைட்டு படிச்சிடறேன். நாளைக்குப் பத்து மணிக்கு முடிவு சொல்லிடலாம்” என்றார்.

பொங்கியண்ணன் மாலையில் தன் மேசை டிராயரைக் காலி செய்தார். ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு, சளி மாத்திரை, ஒரு கட்டுப் பழைய ராசிபலன். “எதுக்கும் இருக்கட்டுமுங்க” என்றார். நானும் என் டிராயரைத் திறந்து பார்த்தேன். சீட்டுகள்தான் இருந்தன.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று நடந்தது இது.

பத்து மணிக்குப் போனேன். ஜெரால்டு அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். எனக்கு வழிவிட்டு, “தேங்க்ஸ் மேடம்” என்றார். எதற்கு என்று புரியவில்லை.

சின்னவரின் மேசையில் என் உறை இருந்தது. அதன் மேல் டீக் கோப்பை வைத்த வட்டக் கறை. ஒட்டின மடிப்பும் என் கையெழுத்தும் அப்படியே இருந்தன.

“ஜெரால்டு பேப்பர் போட்டுட்டாரு மேடம். ஒசூர்ல வேற கம்பெனி. நீங்க போட்ட மாசக் கணக்கக் காட்டி மூணு ரவுண்டு இன்டர்வியூவாம், எப்பப் போனாருன்னே தெரியல. தீபாவளியோட கிளம்பறாரு, இன்னைலேருந்து அதுவரைக்கும் லீவு.” அவர் வருத்தப்பட முயற்சி செய்தார். முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. “ஒருத்தர் குறையணும்னு அப்பாகிட்டச் சொல்லியிருந்தேன். குறைஞ்சாச்சு. யாரையும் போகச் சொல்ல வேண்டியதில்ல. எனக்கே ராத்திரியெல்லாம் தூக்கமில்ல மேடம்.”

“அறிக்கை?”

“படிக்க நேரமில்ல. இனி எதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் உறை என் கைப்பைக்குள் இருந்தது. பிறகு, சொல்லாமல் வந்துவிடலாம் என்று கதவுவரை வந்தவள், திரும்பிப்போய், ஒரே மோட்டாருக்கு ஐந்து எண் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தலாம் என்று சொன்னேன். பத்து நிமிடம் பேசினேன். அவ்வளவு நேரம் நான் பேசி அவர் கேட்டதில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசியில் கேட்டார், “அப்ப ஜெரால்டோட கால்ஸையெல்லாம் யாருக்கு மாத்தலாம்?”

ஒரு பெயர் சொன்னேன்.

விஷயத்தைக் கேட்டதும் பொங்கியண்ணன் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுகந்தி அவர் டிராயரில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாள். மாராத்தாள் கணக்கில்லாமல் பஜ்ஜி போட்டாள். அதன் பிறகு, அவருடைய போனோடு ஜெரால்டின் போனையும் இணைத்தோம். ஒரே நேரத்தில் நான்கு விளக்கு எரிந்தது. பொங்கியண்ணன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஐம்பத்தெட்டுங்களா? ஒரு நாளைக்கா?”

“ஆமாம்.”

“ஏனுங் மேடம், இதுக்கு என்னைய வூட்டுக்கே அனுப்பிச்சிருக்கலாமுங்களே!”

“பாதியை நான் எடுக்கிறேன்” என்றேன். பிரிவு முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு எதிரிலிருந்த போனை எடுத்தேன். தாராபுரத்திலிருந்து ஒருவர். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றார். அடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மழை உண்டா என்று கேட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு எடுத்தது. வைக்கும்போது பன்னிரண்டரை. பொங்கியண்ணன் அதற்குள் இரண்டு முடித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.